7 சென்டிமீட்டர் கட்டி, 1 சென்டிமீட்டர் ஓட்டை

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயசு 34. ரெண்டு வருஷமா குழந்தைக்கு ட்ரை பண்றோம், போன வருஷம் 8 வாரத்துல ஒரு தடவை கலைஞ்சிடுச்சு. பீரியட்ஸ் 8 நாள் போகுது, முதல் 3 நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்துறேன், கட்டி கட்டியா வருது. ராத்திரி மூணு தடவை யூரின் போக எழுந்திருக்கேன். ஹீமோகுளோபின் 7.9. ஸ்கேன்ல கர்ப்பப்பை முன்சுவர்ல 7 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு, கடைசில இன்னொண்ணு 1.8 சென்டிமீட்டர், உள்பக்கமா துருத்திட்டு இருக்குன்னு போட்டிருக்கு. ஒரு டாக்டர் வயித்துல 1 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பில எடுத்துடலாம், மறுநாளே வீட்டுக்கு போயிடலாம்னாங்க. இன்னொரு டாக்டர் வயித்தை ஓபன் பண்ணித்தான் எடுக்கணும்னாங்க. சொந்தக்காரங்க கர்ப்பப்பையையே எடுத்துட்டா நிம்மதின்றாங்க. யாரை நம்புறது மேடம்? இன்னொண்ணு, சிரிக்காதீங்க, 1 சென்டிமீட்டர் ஓட்டை வழியா 7 சென்டிமீட்டர் கட்டி எப்படி வெளிய வரும்?

பதில்:

சிரிக்கவே இல்லமா. ஆபரேஷனுக்கு கையெழுத்து போடுற நிறைய பேர் கேக்காம விடுற கேள்வி அது, அதுக்குள்ள ஒரு பெரிய கதையே இருக்கு, கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டோட கடைசி வரிக்கு போலாம், ஏன்னா உங்க லெட்டர் முழுக்க அந்த 7 சென்டிமீட்டரை பத்தித்தான் இருக்கு, ரெண்டு டாக்டரும் அதை வச்சுத்தான் பேசியிருக்காங்க போல, ஆனா எனக்கென்னமோ உங்க ரத்தத்தை குடிக்கிறது அந்த பெருசு இல்ல, கடைசி வரில இருக்கிற 1.8 தான்னு தோணுது.

ஏன்னு சொல்றேன். கர்ப்பப்பை சுவரை வீட்டுச் சுவர் மாதிரி நினைச்சுக்கோங்க. உள்பக்கம் ஒரு மெல்லிசான பூச்சு, மாசாமாசம் உரிஞ்சு பீரியட்ஸா வர்றது அதுதான். நடுவுல செங்கல் மாதிரி தடியான தசை. வெளிப்பக்கம் ஒரு வழுவழுப்பான உறை. ஃபைப்ராய்டு எல்லாமே அந்த நடு தசைல ஒரே ஒரு செல் பெருகி பெருகி உருண்டையாகுறதுதான், ஆனா அது எந்தப் பக்கம் வளருதுங்கிறதுல மொத்த விஷயமும் இருக்கு. வெளிப்பக்கமா துருத்தினா 10 சென்டிமீட்டர் ஆனாகூட பீரியட்ஸ்ல ஒரு வித்தியாசமும் தெரியாம இருக்கலாம். உள்பக்கமா பூச்சுக்கு அடியில துருத்தினா ஒரு கோலிக்குண்டு சைஸ்லயே ஆளை சாய்ச்சிடும். கர்ப்பப்பையோட உள் இடம் கை விரல் நுழையிற அளவுதான், அதுல 1.8 சென்டிமீட்டர்னா அது சாதாரண அளவு இல்ல. கரு வந்து ஒட்டுற இடமும் அதேதான், அதனால கருத்தரிக்கிறதையும் கரு தங்குறதையும் கெடுக்குதுன்னு தெளிவா தெரிஞ்ச வகை இந்த உள்பக்க ஃபைப்ராய்டுதான்.

இதுக்கு உலகம் முழுக்க டாக்டருங்க பயன்படுத்துற ஒரு நம்பர் முறை இருக்கு, ஃபிகோன்ற மகப்பேறு டாக்டர்கள் கூட்டமைப்பு 2011ல கொண்டு வந்தது, 0லேருந்து 8 வரைக்கும். 0ன்னா முழுக்க உள்ள காம்பு வச்சு தொங்குது, 1ன்னா பாதிக்கு மேல உள்ள இருக்கு, 2ன்னா பாதியோ அதுக்கு மேலயோ தசைக்குள்ள இருக்கு, 3, 4 எல்லாம் தசைக்குள்ளயே, 5, 6, 7 வெளிப்பக்கம், 8 கர்ப்பப்பை வாய் மாதிரி வேற இடம். உங்க ரிப்போர்ட்ல இந்த நம்பர் இல்ல. அடுத்த தடவை டாக்டரை பாக்கும்போது முதல் கேள்வியா "ரெண்டுக்கும் ஃபிகோ டைப் என்ன"ன்னு கேளுங்க. சைஸை மட்டும் வச்சு ஓபனா லேப்ராவான்னு சண்டை போடறது, முகவரி தெரியாம பஸ்ஸா ட்ரெயினான்னு சண்டை போடற மாதிரி.

கேன்சரான்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். 50 வயசுக்குள்ள பெண்கள்ல 10க்கு 7 பேருக்கு மேல ஏதாவது ஒரு சைஸ்ல ஃபைப்ராய்டு இருக்கும், பாதி பேருக்கு அது இருக்கிறதே தெரியாம போயிடும். அது கேன்சரா மாறுற கட்டி இல்ல. ஃபைப்ராய்டு மாதிரியே வேஷம் போட்டுட்டு வர்ற சார்கோமான்னு ஒரு அபூர்வமான கேன்சர் இருக்கு, அதை பத்தி உங்க ஓட்டை கேள்விக்கு பதில் சொல்லும்போது வரேன்.

சரி, அந்த சின்னது. டைப் 0, 1, 2 எதுவா இருந்தாலும் அதுக்கு வயித்துல ஓபனும் வேணாம், லேப்ராஸ்கோப்பியும் வேணாம். ஹிஸ்டரோஸ்கோப்பி. கீழ்வழியாவே, கர்ப்பப்பை வாய் வழியா ஒரு மெல்லிசான கேமரா குழாய் போகும், உடம்புல ஒரு கீறல்கூட கிடையாது. உள்ள ரெண்டு சுவரும் ஒட்டிக்கிட்டு இருக்கிறதால தண்ணி மாதிரி ஒரு ஃப்ளூயிட் விட்டு விரிச்சு வச்சுக்கிட்டு, கரண்ட் பாயிற ஒரு சின்ன வளையத்தால கட்டியை சீவு சீவா சீவி எடுப்பாங்க, தேங்காய் துருவுற மாதிரின்னு வச்சுக்கோங்களேன். இல்லேன்னா சீவுறதையும் உறிஞ்சறதையும் ஒண்ணா பண்ற கருவி இருக்கு, அதுல எடுப்பாங்க. உங்க சைஸுக்கு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், அன்னைக்கே வீட்டுக்கு போறவங்கதான் அதிகம்.

இதுல ஒரே ஒரு விஷயத்துல டாக்டர் கண்ணு கொத்திப் பாம்பா இருக்கணும், அது அந்த ஃப்ளூயிட் கணக்கு. உள்ள விட்டது எவ்வளவு, வெளிய வந்தது எவ்வளவு, மீதி எல்லாம் உங்க ரத்தத்துக்குள்ள போயிருக்கு. சலைன்னா 2500 மில்லி வரைக்கும் வித்தியாசம் தாங்கலாம், கிளைசின் மாதிரி உப்பு இல்லாத ஃப்ளூயிட்னா 1000 மில்லியோட நிறுத்திடணும், இல்லேன்னா ரத்தத்துல சோடியம் இறங்கி மூளை வீங்கிடும். அதுவும் ஆரோக்கியமான ஆளுக்கு சொன்ன கணக்கு. அதனால டைப் 2 பெருசா இருந்தா "பாதி எடுத்தாச்சு, மீதியை ரெண்டு மாசம் கழிச்சு எடுக்கலாம்"னு டாக்டர் நிறுத்திட்டு வெளிய வந்தாங்கன்னா கோவப்படாதீங்க, நிறுத்தத் தெரிஞ்ச டாக்டர் கிடைச்சதுக்கு சந்தோஷப்படுங்க.

இப்ப பெருசுக்கு வரலாம். முதல்ல அது ஃபைப்ராய்டுதானான்னு உறுதி பண்ணணும். என்ன இப்படி சொல்றேன்னு நினைக்காதீங்க. அடினோமயோசிஸ்னு ஒண்ணு இருக்கு, கர்ப்பப்பையோட உள்பூச்சு தசைக்குள்ள புகுந்து அங்கங்க வீங்க வைக்கிறது, சில பேருக்கு அது ஒரே இடத்துல திரண்டு அசல் கட்டி மாதிரியே ஸ்கேன்ல தெரியும். பல வருஷம் முன்னாடி, நான் சர்ஜரிக்கு புதுசு, ஒருத்தங்களுக்கு 6 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டுன்னு ரிப்போர்ட்டை நம்பி லேப்ராஸ்கோப்பிக்கு போனேன், கர்ப்பப்பைல கீறினா கட்டியோட விளிம்பையே காணோம், எங்க கட்டி முடியுது எங்க நல்ல தசை ஆரம்பிக்குதுன்னே தெரியாம சேத்துல கை விட்ட மாதிரி ஆயிடுச்சு. ஃபைப்ராய்டுன்னா சுத்தி ஒரு உறை மாதிரி இருக்கும், சரியான லேயருக்குள்ள போயிட்டா வெங்காயம் தோல்லேருந்து கழண்டு வர்ற மாதிரி வந்துடும். அடினோமயோசிஸ் திரண்டு கட்டி மாதிரி ஆன அடினோமயோமாவுக்கு அந்த உறையே கிடையாது. அன்னைக்கு கொஞ்சமா எடுத்துட்டு தையல் போட்டு வெளிய வந்து அவங்க வீட்டுக்காரர்கிட்ட விஷயத்தை சொன்னப்ப எனக்கு வேர்த்த வேர்வை இன்னும் ஞாபகம் இருக்கு. அதுலேருந்து பெரிய கட்டின்னா ஆபரேஷனுக்கு முன்னாடி எம்ஆர்ஐ இல்லாம நான் தொடறதில்ல. உங்களுக்கும் அதைத்தான் சொல்றேன். எத்தனை கட்டி, எந்த இடம், உள்சுவருக்கும் கட்டிக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர் தசை மிச்சம் இருக்கு, இது மூணும் எம்ஆர்ஐல தெளிவா வந்துடும். லேப்ராஸ்கோப்பிக்கு இது ரொம்ப முக்கியம், காரணம் பின்னாடி.

அடுத்து, அதை எடுக்கணுமா? இதுல டாக்டருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாதுமா, உண்மையை சொல்லிடறேன். உள்பக்கம் துருத்துறது கருவை கெடுக்கும், வெளிப்பக்கம் இருக்கிறது கெடுக்காது, இது ரெண்டும் தெளிவு. தசைக்குள்ளயே இருக்கிற டைப் 4ஐ எடுத்தா கருத்தரிக்கிறது கூடுமான்னா அதுலதான் வாதம். ஆனா உங்க விஷயத்துல குழந்தை மட்டும் காரணம் இல்ல. ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கீங்கன்னா முன்சுவர் கட்டி யூரின் பையை அழுத்துதுன்னு அர்த்தம், கர்ப்பம் ஆனா அது இன்னும் வளரலாம், சில சமயம் கர்ப்பத்துக்கு நடுவுல கட்டிக்குள்ள ரத்த ஓட்டம் பத்தாம போய் தாங்க முடியாத வலி வரும். அதனால எனக்கு எடுக்கலாம்னுதான் தோணுது. ஆனா நேர்ல பாக்காம, எம்ஆர்ஐ பாக்காம இதை முடிவா எடுத்துக்காதீங்க.

இப்ப உங்க கேள்வி, ஓட்டை விஷயம். லேப்ராஸ்கோப்பிக் மயோமெக்டமி, அதாவது கர்ப்பப்பையை விட்டுட்டு கட்டியை மட்டும் லேப்ராஸ்கோப்பில எடுக்கிற ஆபரேஷன், எப்படி பண்றாங்கன்னு வரிசையா சொல்றேன், கேட்டா பயம் பாதியா குறையும்.

முழு மயக்கம் கொடுத்துடுவாங்க. தொப்புள்கிட்ட ஒரு ஓட்டை போட்டு கார்பன் டை ஆக்சைடு கேஸ் விட்டு வயித்தை கூடாரம் மாதிரி தூக்குவாங்க, பிரஷர் 12லேருந்து 15 மில்லிமீட்டர் மெர்குரி வரைக்கும். கேமரா அது வழியா. அடிவயித்துல இன்னும் 2 இல்ல 3 ஓட்டை, அரை சென்டிமீட்டர்லேருந்து ஒரு சென்டிமீட்டர் வரைக்கும், அதுல கருவிங்க. கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் ரொம்ப ஜாஸ்தி, சும்மா கீறினா குழாயை திறந்த மாதிரி ஆயிடும், அதனால வாசோப்ரஸின்னு ஒரு மருந்தை நல்லா தண்ணியாக்கி கட்டியை சுத்தி ஊசி போடுவாங்க, ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கி அந்த இடமே வெளுத்துப் போகும். போடறதுக்கு முன்னாடி மயக்க டாக்டர்கிட்ட சத்தமா சொல்லிட்டுத்தான் போடணும், ஏன்னா அது உடம்புக்குள்ள அதிகமா போயிட்டா இதயத் துடிப்பு சட்டுன்னு இறங்கும். அப்புறம் கீறல், உறைக்குள்ள கட்டி தெரியும், கார்க் ஸ்க்ரூ மாதிரி ஒரு கருவியை கட்டிக்குள்ள திருகி பிடிச்சு இழுத்துக்கிட்டே சுத்தி பிரிச்சு எடுப்பாங்க. பாக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய வேலை மாதிரி இருக்கும். இல்ல. பெரிய வேலை அதுக்கப்புறம்தான்.

கட்டி இருந்த இடத்துல இப்ப ஒரு குழி. அந்த குழியை அடியிலேருந்து அடுக்கடுக்கா, ரெண்டு அடுக்கோ மூணு அடுக்கோ, நடுவுல இடைவெளி விடாம தைச்சு மூடணும். நீங்க நாளைக்கு கர்ப்பம் ஆகும்போது அந்த தையல் தழும்பு விரிஞ்சு கொடுத்து 9 மாசம் தாங்கணும். நீளமான குச்சி முனைல ஊசியை பிடிச்சு டிவி திரையை பாத்துக்கிட்டே இதை தைக்கிறது சாதாரண வித்தை இல்ல, கட்டியை எடுக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் இது வராது. இப்ப முள் முள்ளா இருக்கிற ஒரு நூல் வந்திருக்கு, முடிச்சு போடாமலே வழுக்காம பிடிச்சுக்கும், அது வந்ததுக்கப்புறம் நேரமும் ரத்த இழப்பும் குறைஞ்சிருக்கு. ஆனாலும் கை ஒண்ணுதான். சில டாக்டருங்க தைக்கிறதை சுலபமாக்க வேண்டி ரத்தம் வர்ற இடத்தை எல்லாம் கரண்ட் வச்சு கருக்கிடுவாங்க, அப்ப நல்லா நின்னுடும், ஆனா கருகின தசை சரியா ஆறாது, கர்ப்பத்துல அந்த இடம் விட்டுக்கொடுக்க வாய்ப்பு இருக்கு.

இப்ப குழி மூடியாச்சு, கட்டி வயித்துக்குள்ள ஒரு ஓரமா கிடக்கு, ஆரஞ்சு பழம் சைஸ்ல. வெளிய எப்படி வரும்? துண்டு துண்டாத்தான் வரும். முன்னெல்லாம் பவர் மார்சலேட்டர்னு ஒரு மெஷின், சுத்துற கத்தி உள்ள ஒரு குழாய், கட்டியை ஒரு பக்கம் பிடிச்சு இழுத்தா தோலை உரிக்கிற மாதிரி நீள நீளமா வெட்டி வெளிய எடுத்துக்கிட்டே வரும். ரொம்ப வசதியா இருந்துச்சு. பிரச்சனை என்னன்னா வெட்டும்போது துணுக்குங்க வயித்துக்குள்ள சிதறும். சாதாரண ஃபைப்ராய்டு துணுக்குன்னா அதுவே சில சமயம் வேற இடத்துல ஒட்டி வளரும், ஆனா அது ஒருவேளை முன்னாடி சொன்ன அந்த வேஷம் போட்ட சார்கோமாவா இருந்துட்டா, கேன்சரை வயிறு முழுக்க தூவி விட்ட மாதிரி ஆயிடும். அமெரிக்கால மருந்து, மருத்துவக் கருவிங்களை கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ 2014 ஏப்ரல்ல இதுக்கு எச்சரிக்கை விட்டுச்சு, ஃபைப்ராய்டுன்னு ஆபரேஷன் பண்றவங்கள்ல சுமார் 350ல ஒருத்தருக்கு இப்படி தெரியாத சார்கோமா இருக்கலாம்னு கணக்கு சொன்னாங்க. அந்த கணக்கு ஜாஸ்தி, உண்மைல அதைவிட ரொம்ப குறைவுன்னு நிறைய பேர் எதிர்த்தாங்க, வயசு குறைஞ்சவங்களுக்கு இன்னும் குறைவுதான், உங்க வயசுல இது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா ரிஸ்க் குறைவுங்கிறதுக்காக சிதற விடணும்னு என்ன அவசியம்? இப்ப சரியா பண்றவங்க ஒரு பையை வயித்துக்குள்ள விட்டு, கட்டியை பைக்குள்ள தள்ளி, பையோட வாயை தொப்புள் ஓட்டை வழியா வெளிய இழுத்து வச்சுக்கிட்டு, அந்த ஓட்டையை ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆக்கி, பைக்குள்ளயே வெட்டி எடுப்பாங்க. 2020ல எஃப்டிஏவும் மெஷினை பைக்குள்ள வச்சுத்தான் பயன்படுத்தணும்னு சொல்லிடுச்சு. ஆக 1 சென்டிமீட்டர் ஓட்டைன்னு உங்ககிட்ட சொன்னது முழு உண்மை இல்ல, ஒரு ஓட்டையாவது பெருசாகும், ஆகட்டும், பரவால்ல. "கட்டியை பைக்குள்ள வச்சு எடுப்பீங்களா டாக்டர்?" இது நீங்க கேக்க வேண்டிய ரெண்டாவது கேள்வி.

ஓபன்னு சொன்ன டாக்டரை பழைய காலத்து ஆளுன்னு தள்ளிடாதீங்க. ஓபன்ல அவங்களுக்கு ஒரு பலம் இருக்கு, கை. கர்ப்பப்பையை கையில எடுத்து அமுக்கிப் பாத்தா ஸ்கேன்ல தெரியாத பட்டாணி சைஸ் கட்டிகூட விரலுக்கு தட்டுப்படும், எடுத்துடலாம். லேப்ராஸ்கோப்பில அந்த தொடு உணர்ச்சி கிடையாது, மேல புடைச்சு தெரியறதைத்தான் எடுக்க முடியும், அதான் எம்ஆர்ஐ வரைபடம் கையில இருக்கணும்னு சொன்னேன். பத்து பன்னெண்டு கட்டி இருந்தாலோ, ஒரே கட்டி 12, 15 சென்டிமீட்டர் இருந்தாலோ, நானே ஓபன்தான் சொல்லுவேன். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, 7 சென்டிமீட்டர், முன்சுவர், தைக்கவும் கைக்கு வாகான இடம், பின்சுவர் தையல் அளவுக்கு குடல் வந்து ஒட்டுற தொல்லையும் கம்மி. எம்ஆர்ஐல வேற புதுசா எதுவும் முளைக்கலைன்னா இது லேப்ராஸ்கோப்பிக்கு பொருத்தமான கேஸ்தான். அந்த டாக்டருக்கு லேப்ராஸ்கோப்பில தைக்கிற பழக்கம் குறைவா இருந்து, அதனால "என்கிட்டன்னா ஓபன்தான்"னு சொல்லியிருந்தா, அது நேர்மை. மோசமா தைச்ச லேப்ராஸ்கோப்பியைவிட நல்லா தைச்ச ஓபன் ஆயிரம் மடங்கு மேல். வெளில தெரியிற தழும்பை பாக்கிறது நீங்களும் உங்க வீட்டுக்காரரும்தான், உள்ள இருக்கிற தழும்பு மேலதான் குழந்தை படுக்கப் போகுது.

அதனால டாக்டர்கிட்ட "வருஷத்துக்கு எத்தனை மயோமெக்டமி லேப்ராஸ்கோப்பில பண்றீங்க, எத்தனை அடுக்கு தைப்பீங்க, பாதில ஓபனா மாத்த வேண்டி வந்தது எத்தனை"ன்னு கேளுங்க. கேக்க கூச்சமா இருக்கும்னு தெரியும். நல்ல டாக்டர் இந்த கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டாங்க. பாதில ஓபனா மாத்துறது தோல்வி இல்ல, ரத்தம் நிக்கலைன்னா மாத்தியே ஆகணும், அதுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வாங்குவாங்க, படிச்சுட்டு போடுங்க.

ரோபோட்டிக்னு யாராவது சொல்லுவாங்க. அதுவும் லேப்ராஸ்கோப்பிதான், குச்சி முனைல மணிக்கட்டு மாதிரி திரும்புற வசதி இருக்கு, தைக்கிறது டாக்டருக்கு சுகம். உங்களுக்கு கிடைக்கிற பலன்ல நல்ல லேப்ராஸ்கோப்பிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, செலவுதான் கூட.

கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு சொல்ற சொந்தக்காரங்களுக்கு ஒரு கதை சொல்லுங்க. இங்கிலாந்துல விக்டர் பானின்னு ஒரு சர்ஜன், போன நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்தவர். அந்த காலத்துல ஃபைப்ராய்டுன்னாலே கர்ப்பப்பையை எடுத்துடறதுதான் வழக்கம், அவரோட மனைவிக்கும் அப்படித்தான் எடுத்தாங்க, அவங்களுக்கு குழந்தையே இல்லாம போச்சு. மனுஷன் வாழ்நாள் முழுக்க கட்டியை மட்டும் எடுத்து கர்ப்பப்பையை காப்பாத்துற ஆபரேஷனுக்காக வாதாடினார், ஒரே கர்ப்பப்பைலேருந்து 225 கட்டி எடுத்து தைச்சு வச்சார்னு பதிவு இருக்கு. 225 கட்டி உள்ள கர்ப்பப்பையையே அவர் விடல, நீங்க ரெண்டு கட்டிக்கு 34 வயசுல எதுக்கு விடணும்? குழந்தை எல்லாம் பெத்து முடிச்சு, தொந்தரவு தாங்க முடியாம, யோசிச்சு எடுக்கிறவங்களுக்கு அது நல்ல ஆபரேஷன்தான். உங்களுக்கு இப்ப அது பேச்சே இல்ல.

ஆபரேஷன் இல்லாத வழிங்க பத்தியும் சுருக்கமா சொல்லிடறேன், யாராவது கண்டிப்பா குழப்புவாங்க. தொடை இல்லேன்னா கை ரத்தக்குழாய் வழியா போய் கட்டிக்கு போற ரத்தத்தை அடைக்கிற எம்போலைசேஷன், நல்ல சிகிச்சை, 1995லேருந்து இருக்கு, ஆனா குழந்தை வேணும்னு இருக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்ற வழி இல்ல, கர்ப்பப்பைக்கும் ஓவரிக்கும் போற ரத்தமும் சேந்து குறைய வாய்ப்பு இருக்கு. ஹார்மோனை அடக்குற ஊசி மாத்திரைங்க கட்டியை சுருக்கும், நிறுத்தினா திரும்ப பழைய சைஸுக்கே வந்துடும், அது போடற வரைக்கும் கர்ப்பமும் ஆக முடியாது. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் போட்டு பீரியட்ஸை நிறுத்தி ரத்தத்தை ஏத்திக்க உதவும், ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்கு, கட்டிக்கும் உறைக்கும் நடுவுல ஒட்டிப்போய் பிரிக்கிறது கஷ்டமாகும், சின்ன கட்டிங்க சுருங்கி கண்ணுக்கு தப்பிச்சுட்டு பின்னாடி வளரும். இயற்கை முறைல கரைக்கிறோம்னு யாராவது வந்தா, 7 சென்டிமீட்டர் கட்டியை கரைக்கிற கஷாயத்தை நான் இத்தனை வருஷத்துல பாத்ததில்ல.

சின்னதையும் பெருசையும் ஒரே மயக்கத்துல எடுத்துடலாமான்னு அடுத்து கேப்பீங்க. நிறைய பேர் அப்படித்தான் பண்றோம், முதல்ல கீழ்வழியா ஹிஸ்டரோஸ்கோப்பி, உடனே மேல லேப்ராஸ்கோப்பி. ஆனா எம்ஆர்ஐல பெரிய கட்டி உள்சுவரை தொட்டுக்கிட்டு இருக்குன்னு வந்தா நான் கொஞ்சம் யோசிப்பேன், ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒரே நாள்ல உள்சுவரை புண்ணாக்கினா உள்ள ஒட்டிக்கிற வாய்ப்பு இருக்கு, அப்ப சின்னதை முதல்ல எடுத்துட்டு மூணு மாசம் பொறுத்து பெருசை பாக்கலாம். சில பேருக்கு சின்னதை எடுத்ததுமே பீரியட்ஸ் பாதியா குறைஞ்சு, பெரிய கட்டியை என்ன பண்றதுன்னு நிதானமா முடிவெடுக்க தெம்பு வந்துடும்.

ஆபரேஷனுக்கு அப்புறம். முழிச்சதும் வயித்தைவிட தோள்பட்டை வலிக்கும், பயந்துடாதீங்க, கைய தப்பா வச்சு படுக்க வச்சுட்டாங்களோன்னு என்கிட்டயே நிறைய பேர் சண்டைக்கு வந்திருக்காங்க. மிச்சம் இருக்கிற கேஸ் உதரவிதானத்தை சீண்டும், அந்த இடத்துக்கும் தோளுக்கும் ஒரே நரம்பு வழிதான், மூளைக்கு எங்கேருந்து வலி வருதுன்னு தெரியாம தோள்னு நினைச்சுக்கும். எழுந்து நடந்தா ரெண்டு மூணு நாள்ல போயிடும். மறுநாள் வீட்டுக்கு போகலாம்னு சொன்னது சரிதான், ஆனா வீட்டுக்கு போறது வேற, தேறுறது வேற. வெளி ஓட்டை சின்னதா இருக்கேன்னு உடம்பு ஏமாத்தும், உள்ள கர்ப்பப்பைல நீளமான வெட்டு ஆறிக்கிட்டு இருக்கு. உக்காந்து பாக்கிற வேலைன்னா 2, 3 வாரம், நின்னு தூக்குற வேலைன்னா ஒரு மாசத்துக்கு மேலயே லீவு சொல்லிடுங்க. ஓபன்னா ஆறு வாரம் வரைக்கும் போகும். நடுவுல ஜுரம், அதிகமாகிட்டே போற வயித்து வலி, வயிறு உப்பி வாந்தி, யூரின் போகாம இருக்கிறது, மணிக்கு ஒரு பேட் நனையறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அந்த நேரமே கிளம்பிடுங்க.

குழந்தைக்கு எப்ப ட்ரை பண்ணலாம்னா, பெரிய கட்டியை எடுத்தா குறைஞ்சது 3 மாசம், தசைல ஆழமா வெட்டியிருந்தா 6 மாசம். அதுவரைக்கும் பாதுகாப்பா இருங்க. கர்ப்பத்துல தழும்பு விட்டுக்கொடுக்கிறது 100க்கு ஒருத்தருக்கும் குறைவு, ஆனா நடந்தா தாய்க்கும் பிள்ளைக்கும் உசுருக்கே ஆபத்து, அதனால வெட்டு ஆழமா இருந்தா பிரசவ வலி வர்றதுக்கு முன்னாடியே 37, 38 வாரத்துல சிசேரியன் சொல்லுவோம். இதுக்கு ஒரு வேலை செய்யுங்க, டிஸ்சார்ஜ் சம்மரில "கட்டி எடுத்தாச்சு"ன்னு மட்டும் இருந்தா வாங்காதீங்க. எந்த சுவர்ல வெட்டினது, எவ்வளவு ஆழம், உள் அறை திறந்துச்சா இல்லையா, எத்தனை அடுக்கு தையல், எல்லாம் எழுதித் தரச் சொல்லுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற டாக்டர் உங்க பிரசவத்தை பாக்கும்போது அந்த நாலு வரிதான் அவங்களுக்கு கண்ணு.

திரும்ப வருமான்னா, எடுத்த கட்டி திரும்ப வராது, ஆனா கர்ப்பப்பை அதே கர்ப்பப்பை, புதுசு முளைக்கலாம். அஞ்சு வருஷத்துல ஸ்கேன் பண்ணிப் பாத்தா கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஏதாவது தெரியும், ஆனா மறுபடி ஆபரேஷன் வரைக்கும் போறவங்க அதைவிட ரொம்ப கம்மி. அதனால நல்லா ஆறினதும் குழந்தை விஷயத்தை தள்ளிப்போடாதீங்க.

கடைசியா, நான் இந்த லெட்டரை படிக்கும்போது நிஜமாவே பயந்த நம்பர் 7 சென்டிமீட்டர் இல்ல, 7.9. அந்த ஹீமோகுளோபினோட யாராவது அடுத்த வாரமே டேட் கொடுத்தா ஒத்துக்காதீங்க. மயோமெக்டமில ரத்தம் போகும், எவ்வளவு போகும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது, உங்ககிட்ட போறதுக்கு மிச்சமே இல்ல. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா நல்லது, ஆனா மாசாமாசம் இவ்வளவு கொட்டும்போது மாத்திரை துரத்திப் பிடிக்காது, நரம்பு வழியா ஏத்துற இரும்பு ஊசியை கேளுங்க, சில வாரத்துல நல்லா ஏறும். பீரியட்ஸ் நாள்ல மட்டும் போடற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை ரத்தப்போக்கை குறைக்கும், முன்னாடி எப்பவாவது காலிலயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சிருந்தா மட்டும் அதை சொல்லிட்டு வாங்குங்க. நடந்தா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எழுந்தா கண்ணு இருட்டுதுன்னா அதுவரைக்கும்கூட காத்திருக்க வேணாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, ரத்தம் ஏத்த வேண்டி வரலாம்.

ஆக இந்த வாரம் எம்ஆர்ஐயும் இரும்பு ஊசியும். எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல ஃபிகோ டைப் ரெண்டுக்கும் போட்டு வாங்கிட்டு, ரெண்டு டாக்டர்கிட்டயும் திரும்ப காட்டுங்க, அதை வச்சுட்டு பேசினா அவங்க ரெண்டு பேரும் சொல்றது நீங்க நினைக்கிற அளவுக்கு வேற வேறயா இருக்காது. ஆபரேஷன் டேட் மட்டும் ஹீமோகுளோபின் 10ஐ தாண்டினதுக்கு அப்புறம் வாங்குங்க.